ஏழாம் மலைக்காரர்களுக்கு லீவு

செத்தவர்களுக்கும் சேர்த்து லீவு வேண்டும் என்று பெத்தம்மாள் துரையிடம் கேட்டது 1935ஆம் வருஷம், ரப்பர் ராத்தல் இருபது காசுக்குப் போய்க்கொண்டிருந்த மாசி மாதத்தில். கேட்ட இடம் ஆயர் தெனாங் தோட்டத்து ஆபீஸ் வாசல். கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சிறு வயதிலிருந்து சொல்லி வைத்திருந்த ஒரே விஷயம் அதுதான். சொன்னவள் அவளுடைய அம்மா இருசம்மாள். "அரிசி கேளு, மருந்து கேளு, லயத்துக் கூரை ஒழுகுதுன்னு கேளு. லீவு மட்டும் எந்தக் காலத்துலயும் கேட்டுறாதடி" என்பாள். அப்படிச் சொன்னவளே கடைசியில் ஒருமுறை கேட்டாள். 1927இல், மழை விடாமல் பெய்த ஐப்பசியில், உடம்பு அனலாகக் கொதித்த ஒரு காலையில், இன்னிக்கு ஒருநாள் விடுங்க என்று கேட்டாள். கேட்ட குற்றத்துக்கு அவளை ஏழாம் மலைக்கு அனுப்பினார்கள். தோட்டத்திலேயே செங்குத்தான மலை அது. அதன் அடிவாரத்தில் மலாக்கா ஆறு ஓடுகிறது. அங்கே மரப்பட்டையை வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவள், மர நிரையின் பாதியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே செத்துப்போனாள். மறுநாள் விடியுமுன் கங்காணி தம்புசாமி வழக்கம்போல அவள் பேரைக் கூப்பிட்டார். அவளும் வழக்கம்போல "இருக்கேங்க" என்றாள்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விடியுமுன் எல்லோரும் ஸ்டோர் வாசலில் வரிசையாக நின்று, பேர் கூப்பிடக் கூப்பிடக் குரல் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். எத்தனை தலை நிற்கிறதோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. தம்புசாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எல்லாப் பேரையும் கும்மிப் பாட்டுபோல ஒரே ராகத்தில் மனப்பாடமாக வைத்திருந்தார். நடுவில் ஒன்றை விட்டால் அடுத்தது வராது என்பது அவர் வெளியே சொன்ன காரணம். செத்தவர்களின் பேரையும் விடாமல் கூப்பிட்டால் தலைக்காசும் விடாமல் வரும் என்பது அவர் கண்ட வழி. கூப்பிட்டால் வந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட பழக்கம். காடு வெட்டித் தோட்டம் போட்ட நாளில் காய்ச்சலில் போனவர்களிலிருந்து தொடங்கி, போனவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். பனியில் நனைந்த சேலையும் வேட்டியுமாக, உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு ஏழாம் மலைக்குப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த ரப்பர் பால் சற்றுத் தண்ணீராக இருக்கிறது என்று ஸ்டோரில் குறை சொன்னார்கள். வேறு குறை யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்தால் அவர்கள் லயத்துக்குத் திரும்புவதில்லை. ஆற்றங்கரைப் படித்துறையில் காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, அடுத்த பெரட்டு வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் காய்ச்சலில் செத்தார்களோ அந்தக் காய்ச்சல் அவர்களை விடவேயில்லை. தண்ணீர் கொஞ்சம் குளுமை.

உயிரோடு இருந்தவர்கள் இதற்குப் பழகிக்கொண்டார்கள். கந்தசாமி இரண்டாம் கல்யாணம் செய்தபோது, புதுப்பெண்டாட்டி மங்களம் முதல் நாள் பெரட்டிலேயே மூத்தாள் கருப்பாயிக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்து, "அக்கா, ஒங்க எடத்துல நான் நிக்கலை, பின்னாடிதான் நிக்கிறேன்" என்று சொல்லிச் சமாதானமாகப் போய்விட்டாள். முனியம்மாவுக்கு, பத்து வயதில் செத்துப்போன மகள் ஒருத்தி உண்டு. அவள் சிறுவர் வரிசையில் அரைச் சம்பளத்துக்கு மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெத்தம்மாளின் அப்பா இருளாண்டி, வரிசையில் தன் இடத்தை ஒருவனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, இருசம்மாளின் குரல் தோளுக்குப் பக்கத்தில் கேட்கிறாற்போல ஓர் இடத்துக்கு மாறிக்கொண்டான். பெரட்டில் நிற்பவர்கள் தலையைத் திருப்பக் கூடாது. அவன் எட்டு வருஷமாகத் திருப்பவில்லை. கேட்பதோடு சரி.

ஒரே ஒரு முறை கந்தசாமிக்கு மனம் கேட்கவில்லை. 1929இல் கருப்பாயியை ஒரு சின்ன சாம்பான் படகில் ஏற்றி, கடலில் கொண்டுபோய் விட்டால் கண் மூடிவிடுவாள் என்று ஆற்றோடு போனான். துரியான் துங்கல் என்ற ஊரைத் தாண்டும்போது வெளுக்கத் தொடங்கியது. தம்புசாமியின் குரல் இரண்டு மலை தாண்டும். பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங்கில் அதைக் கேட்டுத்தான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பார்கள். அந்தக் குரல் வந்ததும் கருப்பாயி எழுந்து, புருஷனைப் பார்த்து, "கூப்புடுறாரு, என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு, ஆற்றின்மேலேயே எதிரோட்டத்தில் நடந்து திரும்பிவிட்டாள். நேரம் கழித்து வந்ததற்குத் தம்புசாமி அவளுக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார். அதற்குப் பிறகு யாரும் முயலவில்லை.

பெத்தம்மாள் இதற்கு நடுவில் வளரவில்லை. ஏழு வயதில் அவளை, மலாக்கா டவுனிலிருந்து அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு ஆற்றோடு வரும் படகுக்காரர் ஷம்சுதீனிடம் ஒப்படைத்து, டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு இருசம்மாள் அனுப்பிவிட்டாள். படகு வளைவில் மறைகிற வரைக்கும் படித்துறையில் நின்றாள். கைக்குழந்தையாகத் தோட்டத்துக்கு வந்தவள், அதற்குப் பிறகு அந்த வளைவுக்கு அப்பால் ஒருநாளும் போனதில்லை. அந்தத் தோட்டத்து லயத்திலிருந்து ஏழாவது தாண்டிப் படித்த முதல் ஆள் பெத்தம்மாள், ஆண்களையும் சேர்த்துத்தான். 1933இல் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்த முதல் விடியலில், அரைத் தூக்கத்தில், அம்மா பேரைக் கங்காணி கூப்பிடுவதும் அம்மா "இருக்கேங்க" என்பதும் காதில் விழுந்தன. அவள் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். அன்று சாயங்காலம் படித்துறைக்குப் போய், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல இருந்தது. இருசம்மாள் ஆற்று வளைவைக் காட்டினாள். "அந்த வளைவுக்கு அங்கிட்டு என்னடி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். பெத்தம்மாள் சொன்னாள்: குருபோங்கில் தென்னைக்கு நடுவே கம்போங் வீடுகள், செங் பக்கம் மூங்கில் புதர், அப்புறம் ஆறு அகலமாகிவிடும், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைகள், பாலம், மணிக்கூண்டு, கடல். மறுநாளும் அம்மா அதையே கேட்டாள். மகள் அதையே சொன்னாள். இரண்டு வருஷம் சொன்னாள். ஒருநாள் இருசம்மாள், "ஒரு தடவை பாக்கணும் தாயி. லீவுதான் இல்லையே" என்றாள். மறுநாள் காலையில் பெத்தம்மாள் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே வரும். செத்தவனுக்கு லீவு எதுக்கு, அவன் சும்மாதானே இருக்கான் என்று சிரித்தார். சும்மா இல்லை, ஏழாம் மலையில் யார் பால் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் வந்து பாருங்கள் என்றாள் அவள். துரை அந்த மலைக்குப் போனதில்லை. செங்குத்து, கார் ஏறாது. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. ராஜா பட்டத்துக்கு வந்த வெள்ளி ஜூபிலி வருகிறது, மே மாதம் எல்லோருக்கும் லீவு உண்டு, ஆற்றில் போ, குளத்தில் போ, எங்கே வேண்டுமானாலும் போ என்று சொல்லி உள்ளே போய்விட்டார். பக்கத்தில் நின்ற தம்புசாமி, துரை தலை மறைந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தினால் ஸ்டோர் வரைக்கும்தான் கேட்கும்.

"எல்லாருக்கும் லீவுதான் டீச்சர். ஆனா பெரட்டு பெரட்டுதான். நான் கூப்புடுவேன். வர்றவங்க வரட்டும்."

"கூப்புடுங்க. கேக்குற தூரத்துல நாங்க இருக்கமாட்டோம்."

திட்டம் அங்கேதான் பிறந்தது. விடுமுறைப் பயணம் என்றால் டவுன்காரர்கள் வண்டி எத்தனை மணிக்கு, தங்குவது எங்கே என்று யோசிப்பார்கள். ஆயர் தெனாங்கில் முதலில் யோசித்தது, ஒரு மனிதனின் தொண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதை. பெத்தம்மாள் ஷம்சுதீனின் படகில் ஏறி, விடியற்காலங்களில் ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்தாள். துரியான் துங்கலில் ஒவ்வொரு பேரும் தெளிவாகக் கேட்டது. குருபோங்கில் பேர் கேட்கவில்லை, ராகம் கேட்டது. செங் மூங்கில் புதரைச் சுற்றித் திரும்பியதும் தவளைச் சத்தம் மட்டும்தான்.

"அப்போ முந்தின நாள் பொழுது சாயயிலேயே ஏறிறணும்" என்றார் ஷம்சுதீன். "செங் வரைக்கும் கழி போட்டுத் தள்ளிட்டு வந்துரலாம். அங்கிட்டு ஆறு அகலம், கரைக்காத்து வரும், பாயை விரிச்சா நேரா கடல்தான். தஞ்சோங் கிளிங் மணல்ல போய் நிக்கும்."

"இத்தனை பேரைத் தாங்குமா மாமா ஒங்க படகு?"

"ஏம்மா, ஏழாம் மலையைத் தாண்டுறப்ப எல்லாம் எம் படகு ஒரு சாண் தாழ்ந்துதான் போகுது, எத்தனையோ வருஷமா. படித்துறையில இருக்கவங்க ரெண்டு பேரு, மூணு பேரு தொத்திக்கிட்டு வளைவு வரைக்கும் வருவாங்க. அப்புறம் எறங்கிருவாங்க. நான் கண்டுக்கிறதில்லைலா. ஈரத் துணிப் பாரம்தான் இருக்கும், பாவம்."

ஷம்சுதீனின் மனைவி ஹாஜரா அரிசிச் சாக்குகளைப் பிரித்து வெளுத்துப் படகுப் பாய் தைத்தாள். ஷம்சுதீன் தெரிந்தவர்களிடம் இன்னும் நாலு படகு பேசி வைத்தார்; ஐந்து படகுக்கு ஐந்து பாய். பங்குனியும் சித்திரையும் சாயங்காலங்களில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. இருப்பவர்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் படித்துறையிலிருந்து ஏறி வந்து, ஆற்றுப் பக்கம் இருந்த பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்துத் தரை எப்போதும் ஈரமாகவே இருந்தது; பெத்தம்மாள் சாக்கு விரித்து வைத்தாள். யார் என்ன பார்ப்பது என்று பேச்சு நடந்தது. முனியம்மா மணிக்கூண்டுக்குக் கீழே மகளை நிறுத்தி, மணி அடிப்பதைக் காட்டுவதாகச் சொன்னாள். கந்தசாமி கருப்பாயிக்கும் மங்களத்துக்கும் ஒரே மாதிரி வளையல் வாங்குவதாக வாயை விட்டு, இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்கினான். புளிச்சோறு யார் கிண்டுவது, கருவாடு சுடலாமா, படகில் கள் உண்டா என்று அங்கமுத்துவும் பிச்சைமுத்துவும் ஒரு சாயங்காலம் முழுவதும் சண்டை போட்டார்கள். அதைவிடப் பெரிய சண்டை, யார் எந்தப் படகில் என்பது. கடல் தாண்டி வந்து, ஒரே காய்ச்சலில் விழுந்து, ஒரே குழியில் போடப்பட்டும், மேல் லயத்துக்காரர்களுக்கும் கீழ் லயத்துக்காரர்களுக்கும் வேறு வேறு படகு வேண்டும் என்றார்கள். "எங்க பானையை அவங்க தொட்டா நாங்க எறங்கி நடந்தே வந்துருவோம்" என்றான் மேல் லயத்து வீரப்பன். பெத்தம்மாள் ஆற்றுப் பக்கத்தைக் காட்டி, "ஒங்க அப்பாரு யாரு பக்கத்துல உக்காந்திருக்காருன்னு பாருங்க" என்றாள். வீரப்பனின் அப்பா, கீழ் லயத்துப் பெரியவர் ஒருவரின் தோளில் காய்ச்சல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வீரப்பன் அன்று அதற்குமேல் பேசவில்லை. ஆனால் மறந்துவிடவும் இல்லை.

ஜூபிலிக்கு முந்தின நாள் பொழுது சாய, ஐந்து படகும் வந்து படித்துறையில் கட்டி நின்றன. சோற்று மூட்டைகள் தயார். கடைசிக் கூட்டம் என்று எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். அங்கே மேசைமேல் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. கங்காணி கொடுத்துவிட்டது என்றார்கள். வழிக்குப் பிள்ளைகள் தின்னட்டும் என்று கொடுத்தாராம். கங்காணி ஆட்களைக் கலைத்துவிட்டார் என்று பெத்தம்மாள் அதைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டாள்.

"டீச்சர், எல்லாரும் பேசிட்டோம்" என்று வீரப்பன்தான் ஆரம்பித்தான். "ராத்திரி ஆத்துல எதுக்கு? நாளைக்குப் பெரட்டு முடிஞ்சதும் கெளம்புவோம். வெளிச்சத்துல போனா ஊரைப் பாக்கலாம். பொழுது சாயத் திரும்பிறலாம். கங்காணியும் சரின்னுட்டாரு."

"பெரட்டு முடிஞ்சதுமா? அப்போ இவங்க?"

"இவங்க எங்க போயிறப் போறாங்க? இங்கனதானே இருப்பாங்க."

ஆற்றுப் பக்கம் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அவர்களுக்கும் சொல்லிப் பழக்கமில்லை. முனியம்மா எழுந்து வந்து பெத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். மணிக்கூண்டைக் காட்டணும்னுதான் நெனச்சேன். ஆனா கடலைக் கண்டா அது திரும்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. காலையில அது 'இருக்கேங்க'ன்னு சொல்றதுலதான் எனக்குப் பொழுது விடியுது. அதையும் கொண்டுபோய்த் தண்ணியில விட்டுட்டு வந்து நான் என்ன செய்வேன்?" கந்தசாமி தலையைக் குனிந்துகொண்டான். பெத்தம்மாள் அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கப்பா."

"ஒங்கம்மா கொரல் இல்லாத பெரட்டுல நான் நிக்க மாட்டேன் தாயி."

"எட்டு வருஷமா அவ நிக்கிறாளேப்பா. காய்ச்சலோட நிக்கிறா. தொட்டுப் பாத்தீங்களா ஒருநாளாவது?"

"திரும்பிப் பாக்கக் கூடாதே."

"கங்காணி சொன்னதுக்குப் புருஷனே திரும்பிப் பாக்கலைன்னா, அப்புறம் துரையைக் குத்தம் சொல்றதுக்கு நான் யாரு?"

"ஒன்னைப் படிக்க வச்சது இப்படிப் பேசுறதுக்கா?"

"இதுக்குத்தாம்பா. வளைவுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு வந்து சொல்றதுக்குத்தான் அனுப்புனா. சொல்லிட்டேன். இனிமே காட்டணும்."

வேறு வாதம் செய்ய அவள் விரும்பவில்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் பெரட்டு ராகம் பாலோடு வந்தது. அவளுக்கும் ஒரு பேர் விடாமல் தெரியும். மேசையைப் பிடித்துக்கொண்டு, கங்காணி கூப்பிடுகிற அதே ராகத்தில், ஆனால் சத்தம் போடாமல், தூங்குகிற ஆளை எழுப்புவதுபோலக் கூப்பிட்டாள். முதலில் காடு வெட்டியவர்களை. பிறகு வீரப்பனின் அப்பாவை. கருப்பாயியை. முனியம்மாவின் மகளை. ஒவ்வொரு பேருக்கும் ஆற்றுப் பக்கத்திலிருந்து "இருக்கேங்க" என்று வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் "லீவு" என்றாள். லீவு என்றதும் அந்த ஆள் எழுந்து நின்றார். முனியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகள் பெஞ்சிலிருந்து குதித்து இறங்கியபோது தடுக்கவில்லை, பிஸ்கட் டின்னைத் திறந்து அவள் கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். கடைசியாகத்தான் பெத்தம்மாள், "இருசம்மா" என்றாள். "இருக்கேங்க" என்ற குரல் வந்தபோது, இருளாண்டி முதல் முறையாகத் தலையைத் திருப்பினான். அவள் நெற்றியில் கையை வைத்தான். வெடுக்கென்று எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தான்.

"இம்புட்டுச் சூடா" என்றான்.

மறுநாள் விடியலில் நடந்தது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தம்புசாமி கூப்பிட்டார், பாதிப் பேருக்குப் பதில் இல்லை. ராகம் அறுந்து, உயிரோடு இருந்தவர்களின் பேரும் அவருக்கு மறந்து போயிற்று. மிச்சம் இருந்த குரலில் "இருசம்மா" என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை இருளாண்டி, நேராகப் பார்த்தபடி, "அவ லீவுங்க" என்றான். ஏழாம் மலை அந்த வருஷத்தோடு காடாகப் போனது. பால் வெட்ட ஆள் இல்லை. ஸ்டோரில் பால் கெட்டியாக வருகிறது என்று சொன்னார்கள்.

ஆனால் அது மறுநாள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூடத்தில் நடந்தது இவ்வளவுதான்: பெத்தம்மாள் மேசைமேல் இருந்த சாவியை எடுத்து, அடுத்து வரப்போகிற டீச்சருக்காக ஆணியில் மாட்டினாள். "மாமா, கழியை எடுங்க" என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவசியமும் இல்லை, பின்னால் ஈரக்கால்கள் நடந்து வருகிற சத்தம் படிவரைக்கும் கேட்டது. உள்ளே, ஆற்றுப் பக்கத்துப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. சுவரோரம் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்கள், இடம் கிடைத்ததே என்று, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.